பீனட் பட்டருக்குப் பதிலா என்ன? மல்லாட்டை விளையுற ஊர்ல இருந்து ஒரு டாக்டர் அப்பாவின் பதில்

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தாய் கேட்டிருந்தார்.

"டாக்டர், என் பையனுக்கு 6 வயசு. நிலக்கடலை அலர்ஜின்னு டெஸ்ட் பண்ணி உறுதியாச்சு. கூடப் படிக்கிற பசங்க பீனட் பட்டர் தடவின பிரெட் கொண்டு வராங்க, இவனும் கேக்குறான். கடைக்காரர் பாதாம் பட்டர் கொடுங்க, அது வேற இதுன்னு சொல்றார். ஒரு பாட்டில் 600 ரூபாய் மேல இருக்கு. வாங்கிக் கொடுக்கலாமா?"

ஒரு வரியில் பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க. விலைக்காகச் சொல்லவில்லை.

ஏன் வேண்டாம், பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த நீளமான பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. வீட்டில் அலர்ஜி உள்ள பிள்ளை இல்லாவிட்டாலும் படிங்க. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அப்படி ஒரு பிள்ளை விருந்தாளியாக வரலாம்.

இந்தக் கேள்விக்கு நான் வெறும் டாக்டராக மட்டும் பதில் சொல்ல முடியாது. என் மகளுக்கும் நிலக்கடலை ஆகாது. இப்போது அவளுக்கு 9 வயது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். அப்பா மல்லாட்டை விவசாயி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாக்கொட்டை ஆகி, அப்புறம் மல்லாட்டை ஆனது. டி.எம்.வி. என்று ஆரம்பிக்கும் கடலை ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான், இங்கே இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள். அப்படிப்பட்ட ஊரில், மூணு தலைமுறையாக மல்லாட்டை போட்ட வீட்டில், அதைத் தொட முடியாத ஒரு பேத்தி.

ஒன்றரை வயதில் கடலை உருண்டையில் ஒரு துணுக்கு வாயில் போட்டாள். 5 நிமிஷத்துக்குள் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பு, இரண்டு முறை வாந்தி. அலர்ஜி நிபுணரிடம் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டும் செய்து நிலக்கடலைதான் என்று உறுதி செய்தோம்.

டெஸ்ட் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உடம்பு காட்டிய அறிகுறியும் டெஸ்ட் முடிவும் சேர்ந்தால்தான் அலர்ஜி. ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தும், அந்த உணவை ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர். அதனால் 90 உணவு, 200 உணவு என்று மொத்தமாகப் பார்க்கும் பேக்கேஜ்களில் பணத்தைக் கொட்டாதீங்க. அதிலும் ஐ.ஜி.ஜி. டெஸ்ட் என்று விற்கிறார்களே, அது உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்கும் டெஸ்டே இல்லை. அந்த ரிப்போர்ட்டை வைத்து அரிசி, பால், கோதுமை என்று எல்லாவற்றையும் நிறுத்தி, பிள்ளையை எலும்பும் தோலுமாக்கிக் கொண்டு வரும் பெற்றோரை என் ஓ.பி.யில் பார்க்கிறேன்.

சரி, பாதாமுக்கு வருவோம்.

நிலக்கடலை பெயரில்தான் கொட்டை. தாவரக் குடும்பத்தைப் பார்த்தால் அது துவரை, உளுந்து, கொண்டைக்கடலைக்குச் சொந்தக்காரன். பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட் எல்லாம் மரத்தில் காய்க்கும் கொட்டைகள், வேறு குடும்பங்கள். அப்படிப் பார்த்தால் பயறு வகைகளை விலக்கிவிட்டு பாதாம் கொடுப்பதுதானே சரி என்று தோன்றும். நடைமுறையில் தலைகீழ்.

நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலானோர் மற்ற பருப்பு, பயறுகளைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் மரக்கொட்டைகளில் ஏதாவது ஒன்றுக்கும் சேர்த்து அலர்ஜி இருப்பவர்கள் கணிசம். போதாக்குறைக்கு பாதாம் பட்டரும் பீனட் பட்டரும் பல இடங்களில் ஒரே ஆலையில், ஒரே மெஷினில் அரைபடுகின்றன.

அதனால் அந்தப் பையன் இதுவரை பாதாமே சாப்பிட்டதில்லை என்றால், டாக்டரிடம் கேட்காமல் முதல் தடவையாகப் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பக் கூடாது.

எங்கள் வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான். பதிலுக்குப் போடும் பொருளைக் கடை அலமாரியில் தேட மாட்டோம். பிள்ளை ஏற்கெனவே வாரத்துக்கு நாலு தடவை சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல் இருக்கும் பொருள்களுக்குள்ளேதான் தேடுவோம்.

நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அப்படிப் பழகிய பொருள் எது? இட்லிச் சட்னியில் தினமும் அரைக்கிற பொட்டுக்கடலை!

கொண்டைக்கடலை அலர்ஜியும் உண்டு, நம் நாட்டில் அது அபூர்வமும் இல்லை. பொட்டுக்கடலையும் கடலைப்பருப்பும் அந்த வகைதான். ஆனால் உங்கள் பிள்ளை வருஷக்கணக்காக பொட்டுக்கடலைச் சட்னியும், பஜ்ஜி போண்டாவும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய டெஸ்ட் எந்த லேபிலும் கிடையாது.

எங்கள் வீட்டு 'பட்டரை'க் கண்டுபிடித்தது நானில்லை, என் அம்மா. மகளுக்கு ஆயா. அவர் படித்தது 5ஆம் வகுப்பு. "பீனட் பட்டர்னா என்னாடா? மல்லாட்டைய வறுத்து அரைச்சா அதுலயே எண்ண விட்டு கொழகொழன்னு வரும், அவ்வளவுதானே?" என்றார். ஒரு உணவு விஞ்ஞானி சொல்வதும் இதைத்தான்.

நிலக்கடலையில் கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய். அரைக்க அரைக்க அந்த எண்ணெய் வெளியே வந்து, பருப்புத் துகள்கள் அதில் மிதக்கின்றன. அதுதான் பட்டர். பொட்டுக்கடலையில் எண்ணெய் 100 கிராமுக்கு 5 கிராம் அளவுக்குத்தான். எவ்வளவு நேரம் அரைத்தாலும் மாவாகத்தான் நிற்கும். அப்போ இல்லாத எண்ணெயை நாம்தான் ஊற்ற வேண்டும்.

அம்மா செய்யும் விதம் இது. 100 கிராம் பொட்டுக்கடலையைச் சிறு தீயில் மறுபடியும் பொன்னிறமாக வறுக்க வேண்டும். அந்த இரண்டாவது வறுப்பில்தான் வாசனை வரும், சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீங்க. ஆறியதும் மிக்ஸியில் நைசாகப் பொடித்து, சலித்து, கப்பியை மறுபடி அரைக்க வேண்டும். 2 மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் எண்ணெய். 4 மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்துக்கொண்டே போனால் 5 அல்லது 6 கரண்டியில் தடவுகிற பதம் வந்துவிடும். ஜாரில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் பட்டால் அது சட்னி, மறுநாளே ஊசிப்போகும். ஈரமில்லாமல் செய்தால் பாட்டிலில் 10 நாள் தாங்கும்.

எந்த எண்ணெய்? நல்லெண்ணெய் விட்டால் ருசி ஜோர். ஆனால் எள்ளும் தனியாக ஒரு அலர்ஜிப் பொருள் என்பதை மறக்காதீங்க. இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் ஏற்கெனவே ஒத்துக்கொள்கிற பிள்ளைக்கு மட்டும். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் பாதி, சூரியகாந்தி எண்ணெய் பாதி. முழுக்கத் தேங்காய் எண்ணெய் விட்டால் மார்கழிக் காலையில் கல்லு மாதிரி இறுகிவிடும்.

உண்மையைச் சொல்கிறேன், இது பீனட் பட்டர் மாதிரியே இருக்காது. மகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ருசி தெரியாது, அவளுக்கு இதுதான் பட்டர். மல்லாட்டை தின்று வளர்ந்த எனக்குத்தான் ஏதோ குறைகிறது.

ருசியில் இன்னும் பக்கத்தில் வருவது சூரியகாந்தி விதை. தோல் உரித்த விதை இப்போது மளிகைக் கடைகளிலேயே கிடைக்கிறது. அதிலும் பாதி எடை எண்ணெய்தான், அதனால் எண்ணெய் விடாமலே தானாகப் பட்டராகும். லேசாக வறுத்து, மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். முதலில் பொடி, பிறகு உருண்டை, நம்பிக்கை போகும் நேரத்தில் திடீரென்று இளகும். இதுவும் புதுப் பொருள் என்பதால் முதல் தடவை வீட்டில், பகலில், கொஞ்சமாக. பிள்ளையின் அலர்ஜி கடுமையானது என்றால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

ஒரு தமாஷ் சொல்கிறேன். அந்த சூரியகாந்தி பட்டரைப் போட்டு, சமையல் சோடா சேர்த்து பிஸ்கட் செய்தால் ஆறியபின் உள்ளே பச்சையாக மாறும். கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் கொட்டாதீங்க. விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து செய்யும் வேலை, ஒரு ஆபத்தும் இல்லை. மாவில் அரைக் கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் அவ்வளவு பச்சை வராது. என் மகள் எலுமிச்சை விட வேண்டாம் என்கிறாள். பச்சை பிஸ்கட்தான் அவள் வகுப்பில் ஃபேமஸ்.

புரதம் குறையுமே என்று ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கேட்பார்கள். நிலக்கடலை 100 கிராமில் புரதம் சுமார் 25 கிராம். பொட்டுக்கடலையில் சுமார் 22. இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பிரெட்டில் தடவுவதை விடுங்க, நம் சமையலில் நிலக்கடலை எங்கெல்லாம் வருகிறது? அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தாலே மாற்று தெரிந்துவிடும்.

புளியோதரையில் அதன் வேலை கடிபடுவது. கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துக் கடைசியில் கலந்தால் போதும். எலுமிச்சை சாதம், அவல் உப்புமா எல்லாவற்றுக்கும் இதே.

சட்னியில் அதன் வேலை உடம்பு கொடுப்பது, அதாவது தண்ணியாக ஓடாமல் நிற்க வைப்பது. பொட்டுக்கடலையும் தேங்காயும் அதைச் செய்யும். வறுத்த வாசனை வேண்டுமென்றால் ஒரு கரண்டி உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்துச் சேர்த்து அரைங்க. தேங்காயை நினைத்துச் சிலர் பயப்படுவார்கள். தேங்காய் அலர்ஜி அபூர்வம், நிலக்கடலை ஆகாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கத்தரிக்காய், சால்னா, குருமாவில் அதன் வேலை கெட்டிப்படுத்துவதும் எண்ணெய் மிதக்க வைப்பதும். 4 பேருக்கு 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, கால் மூடி தேங்காய், கொஞ்சம் சோம்பு சேர்த்து அரைத்து ஊற்றினால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். பொட்டுக்கடலை ஆறினால் இறுகும், அதனால் வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட வைங்க.

மலேசியா, சிங்கப்பூரில் இருந்து படிக்கும் நண்பர்கள் சாத்தே குழம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் நிலக்கடலைதான் குழம்பே. சூரியகாந்தி விதையை வறுத்துக் கொரகொரவென்று அரைத்து, தேங்காய்ப்பால், புளி, மிளகாய் விழுது, கொஞ்சம் வெல்லம் சேர்த்துக் கொதிக்க விட்டுப் பாருங்க. ஓரளவு பக்கத்தில் வரும்.

கடலை மிட்டாய்க்கு மட்டும் நேர் மாற்று கிடையாது. கோவில்பட்டி மிட்டாய் கோவில்பட்டி மிட்டாய்தான். பொட்டுக்கடலை உருண்டையும் பொரி உருண்டையும் தனிப் பண்டங்கள், அவற்றை அவற்றின் பெயராலேயே கொடுங்க. "இதுவும் அது மாதிரிதான்" என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளை ஒருநாள் வெளியே 'அது'வை எடுத்து வாயில் போட்டுவிடும்.

இனி எண்ணெய். இது முக்கியம்.

நிலக்கடலை அலர்ஜி என்பது அதன் புரதத்துக்கு எதிரானது, கொழுப்புக்கு எதிரானது அல்ல. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. நிலக்கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்கு இரண்டு வகை எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்திகரித்த எண்ணெயில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுத்திகரிக்காத எண்ணெயில் 6 பேருக்கு எதிர்வினை வந்தது.

நாம் இப்போது தேடித்தேடி வாங்கும் மரச்செக்குக் கடலை எண்ணெய் எந்த வகை? சுத்திகரிக்காத வகை! அடியில் வண்டல் தங்கும், மூடியைத் திறந்தால் கடலை வாசம் அடிக்கும். மற்றவர்களுக்கு அது நல்ல எண்ணெய்தான், நான் குறை சொல்லவில்லை. அலர்ஜி உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அதோடு முடியவில்லை. பல ஊர்களில் ஒரே செக்கில் காலையில் கடலை, மத்தியானம் எள் ஆட்டுகிறார்கள். அங்கே வாங்கும் நல்லெண்ணெயிலும் கடலை இருக்கும். மாவு மில்லும் அப்படித்தான். முன்னால் நிற்பவர் கடலை போட்ட சத்துமாவு அரைத்துவிட்டுப் போயிருப்பார், அடுத்தது நம் கேழ்வரகு. நாங்கள் மகளுக்கான மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்கிறோம்.

பொட்டுக்கடலையையும் சில்லறையில் அளந்து வாங்க மாட்டோம். கடையில் பக்கத்துப் பக்கத்து மூட்டை, இரண்டுக்கும் ஒரே அள்ளுகரண்டி. பாக்கெட்டில் வாங்கி லேபிளைப் படிப்போம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி நிலக்கடலையும் மரக்கொட்டைகளும் இருந்தால் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயப் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாதவர்கள் உள்ளடக்கப் பொருள்களை வரி வரியாகப் படிக்க வேண்டும். தெருவில் வண்டியில் மணலில் வறுக்கும் பட்டாணி, சுண்டல் பக்கமே போவதில்லை. அதே சட்டி, அதே மணல்.

வேகவைத்த கடலை பரவாயில்லையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வறுத்ததைவிட அவித்ததில் வீரியம் குறைவு என்பது உண்மை. அதற்காக அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வீட்டில் அவித்துக் கொடுத்துப் பரிசோதிக்காதீங்க. குறைவு என்றால் இல்லை என்று பொருளில்லை.

எவ்வளவு பார்த்தாலும் வெளியே சாப்பிடும்போது நம் கையில் இல்லாதது ஒன்று வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னை போகும் வழியில் ஒரு உணவகம். சப்பாத்திக்கு வெள்ளைக் குருமா வந்தது. என் மனைவி பரிமாறிய பையனிடம், "தம்பி, இதுல வேர்க்கடலை அரைச்சு ஊத்துவாங்களா? பாப்பாவுக்கு ஆகாது, உள்ள கேட்டுட்டு சொல்லுங்க" என்றார். அவன் போய்விட்டு வந்து, "இல்லக்கா, முந்திரிதான்" என்றான். முந்திரி அவளுக்கு ஒத்துக்கொள்ளும், டெஸ்ட் செய்து, வீட்டில் சாப்பிடுகிறாள்.

மூணு வாய் சாப்பிட்டிருப்பாள். "அப்பா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு" என்றாள். கழுத்தில் தடிப்பு ஏறுவது எனக்குத் தெரிந்தது. அப்புறம் இருமல். அடுத்த வார்த்தை பேசும்போது குரல் மாறியிருந்தது. அந்தக் குரல் மாற்றம்தான் நண்பர்களே, எந்த டாக்டரையும் நடுங்க வைக்கும். மூச்சுக்குழாய் வாசலில் வீக்கம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கே போனாலும் அட்ரினலின் ஊசி பையில் இருக்கும். அவள் எடைக்கு எவ்வளவு என்று சிரிஞ்சிலேயே குறித்து வைத்திருப்பேன். தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடையோடு சேர்த்துப் போட்டேன். காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, 15 நிமிஷத்தில் ஒரு மருத்துவமனை. போய்ச் சேர்வதற்குள் குரல் திரும்பியிருந்தது. அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தோம்.

அப்புறம் விசாரித்ததில் சமையல் மாஸ்டர் சொன்னது: "முந்திரி விக்கிற வெலைக்கு பாதிக்குப் பாதி கடலை போடுறதுதான் சார், எல்லா இடத்துலயும்." அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. உள்ளே யாரோ அவனிடம் முந்திரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அதிலிருந்து வெளியே வெள்ளைக் குருமா, பனீர் கிரேவி, பாதாம் பர்பி, முந்திரி கேக் எதுவும் அவளுக்குக் கிடையாது. மரக்கொட்டையின் இடத்தில் நிலக்கடலை போவதுதான் நம் ஊரில் நடக்கும் முதல் மாற்றுச் சமையல்! இட்லி, தோசை, சாம்பார், தயிர் சாதம், சட்னி இல்லாமல். கேட்கும்போதும் 'கடலை' என்ற ஒற்றை வார்த்தையை நம்பாதீங்க. நம் மொழியில் கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு எல்லாமே கடலை. நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை, மணிலா என்று அந்த ஊர்ச் சொல் எதுவோ அதைச் சொல்லிக் கேளுங்க. யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் கச்சான் என்றால்தான் புரியும்.

அந்த ஊசி பற்றி ஒரு வார்த்தை. செட்ரிசின், அவில் மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின் மட்டும்தான். வெளிநாட்டில் கிடைக்கும் பேனா போன்ற ஊசி நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் அட்ரினலின் மருந்து விலை மலிவானது, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே கடுமையான எதிர்வினை வந்திருந்தால், டாக்டரிடம் அளவை எழுதி வாங்கி, போடவும் கற்றுக்கொள்ளுங்க. கையில் இல்லாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்க, இல்லை பக்கத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்க. வாசலிலேயே "கடலை அலர்ஜி, மூச்சு முட்டுது" என்று சத்தமாகச் சொல்லுங்க. வழியில் எழுந்து நடக்க வைக்காதீங்க. மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், மயக்கம் வந்தால் படுக்கவே வைக்க வேண்டும்.

இவ்வளவு படித்துப் பயந்துவிட்டீர்களா? தேவையில்லாத பயங்களையும் எடுத்துவிடுகிறேன்.

பக்கத்துப் பெஞ்சுப் பையன் பீனட் பட்டர் சாப்பிட்டால் அந்த வாசனைக்கே மூச்சு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கடுமையான அலர்ஜி உள்ள 30 குழந்தைகளைப் பீனட் பட்டர் வாசனையைச் சுவாசிக்க வைத்துப் பார்த்த ஆய்வில், ஒருவருக்கும் உடம்பு தழுவிய எதிர்வினை வரவில்லை. வாசனையில் புரதம் இல்லை. கடலை உடைக்கும்போது பறக்கும் தூசி வேறு கதை, அதில் புரதம் உண்டு. அதனால் எங்கள் அப்பா களத்தில் மல்லாட்டை உடைக்கும் வாரத்தில் மகள் ஊருக்குப் போவதில்லை. விதைப்புக்குப் போவாள், செடி பூக்கும்போது போவாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் கடலைப் புரதம் போய்விடும். சானிடைசர் போக்காது, அது கிருமியைக் கொல்லும், புரதத்தைத் தேய்த்துப் பரப்பும். பள்ளியில் இதை எடுத்துச் சொல்லுங்க. பீனட் பட்டர் சாப்பிட்ட பிள்ளைகள் சோப்பால் கை கழுவினால் போதும், உங்கள் பிள்ளையைத் தனி மேசையில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

5 பேரில் ஒருவருக்கு இந்த அலர்ஜி வளர வளரப் போய்விடும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை நிபுணரிடம் மறுபடி பாருங்க. என் மகளுக்குப் போன வருஷம் பார்த்தோம். போகவில்லை.

கடைசியாக, மூத்த பிள்ளைக்கு அலர்ஜி என்றால் அடுத்த பிள்ளைக்கும் கடலையே காட்டக் கூடாதா? இதற்கு 2015இல் லண்டனில் இருந்து வந்த லீப் ஆய்வு பதில் சொன்னது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதக் கைக்குழந்தைகள் 640 பேர். பாதிப் பேருக்கு அப்போதிருந்தே நிலக்கடலை உணவு, மீதிப் பேருக்கு 5 வயது வரை தடை. தடை போட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டால், சாப்பிட்ட குழந்தைகளில் நிலக்கடலை அலர்ஜி 80 சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஒளித்து வைப்பது காப்பாற்றவில்லை. கைக்குழந்தைக்கு முழுக் கடலை கூடாது, புரையேறும். நைசாக அரைத்துக் கூழாகத்தான். எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு.

எங்கள் இரண்டாவது பையனுக்கு டெஸ்ட் செய்துவிட்டு, 6ஆம் மாதத்திலேயே கொடுக்க ஆரம்பித்தோம். வீட்டில் வைத்து அல்ல, தாத்தா வீட்டில். இப்போது அவனுக்கு 4 வயது. சனிக்கிழமை தாத்தா வீட்டில் ஆயா வறுத்து இடித்துக் கொடுக்கும் மல்லாட்டைப் பொடியை வெல்லத்தோடு ஒரு கிண்ணம் தின்பான். முடித்ததும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கையும் வாயும் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, "அக்காகிட்ட போலாம் தாத்தா" என்பான்.